கடமை தவறுதல்: செய்யாமல் விட்டது எப்படித் தவறாகிறது?

உங்கள் கேள்வியை முதலில் எடுத்து வைத்துவிடுகிறேன். உங்கள் தங்கைக்கு அவர் வேலை பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பாணை வந்திருக்கிறது. "கடமை தவறிய குற்றத்திற்காக" என்று எழுதி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். "அவள் தப்பாக எதையும் செய்யவில்லை, ஒரு பதிவேட்டை எழுதாமல் விட்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஒன்றைச் செய்யாததற்குப் பெயர் தவறா? அதைக் குற்றம் என்று எழுதலாமா? தவறு, தப்பு, பிழை, குற்றம் நான்கும் ஒன்றுதானா?" என்று கேட்கிறீர்கள்.

ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கோப்பு எழுதியவன் நான். "தவறியுள்ளார்" என்ற சொல்லை எத்தனை தாள்களில் எழுதியிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஒரு வீட்டின் அடுப்பைத் தொடுகிற சொல் அது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தவறு என்பதை இன்று நாம் பெயர்ச்சொல்லாகவே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நாள் முழுக்க நம் வாயில் அது வினையாகத்தான் புழங்குகிறது. கை தவறி டம்ளர் விழுந்தது. வாய் தவறிச் சொல்லிவிட்டேன். குறி தவறியது. தவணை தவறினால் வட்டி கூடும். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துவிடுங்கள். பெரியவர் நேற்று ராத்திரி தவறிட்டார். இந்த ஆறு வாக்கியங்களிலும் கெட்ட காரியம் செய்தவர் ஒருவரும் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இல்லாமல் போயிருக்கிறது, அவ்வளவே. கையில் இருக்க வேண்டிய டம்ளர், குறியில் பட வேண்டிய கல், குறித்த நாளில் கட்ட வேண்டிய பணம். கடைசி வாக்கியத்தில், நம்மோடு இருந்த மனிதர்.

ஆகவே "கடமை தவறினார்" என்பதுதான் இந்தச் சொல்லின் நேரான ஆட்சி. "தவறு செய்தார்" என்பது அதிலிருந்து கிளைத்தது. செய்யாமல் விட்டதைத் தவறு என்று எப்படிச் சொல்லலாம் என்று நீங்கள் கேட்கிறீர்கள். என் காதுக்கு, செய்யாமல் விட்டதுதான் அந்தச் சொல்லின் சொந்த வீடு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஐப்பசி அடைமழையில், எங்கள் ஒன்றியத்தின் ஒரு கிராமத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மேல்நிலைத் தொட்டியில் மூன்று நாளாகப் பிளீச்சிங் பவுடர் கலக்கவில்லை என்று தெரிந்தது. தொட்டி ஆபரேட்டருக்குக் குறிப்பாணை போட வேண்டும், வரைவு என் பிரிவில். "மேற்படி நபர் குடிநீர் வழங்கும் பணியில் தவறு செய்துள்ளார்" என்று எழுதிக் கண்காணிப்பாளர் அம்மாவின் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவர் என்ன செஞ்சார்?"

"ஒண்ணும் செய்யலீங்க மேடம். பவுடர் போடாம விட்டுட்டார்."

"ஒண்ணும் செய்யலைன்னா 'செய்துள்ளார்'னு எதுக்கு எழுதியிருக்கீங்க? என்ன செய்யணுமோ அதை எழுதி, அதுக்குப் பக்கத்துல தவறுன்னு போடுங்க."

பென்சிலால் என் வரியை அடித்துவிட்டு, "பிளீச்சிங் பவுடர் கலக்கத் தவறியுள்ளார்" என்று எழுதினார். அடுத்த நொடியே கேள்விகள் வரிசையாக வந்தன: எந்தத் தொட்டி, எந்தெந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கலக்க வேண்டும், பவுடர் கையிருப்பு இருந்ததா? நான் எழுதிய வரியில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. "தவறு செய்தார்" என்றால் ஆள் மட்டும் தெரிகிறார். "கலக்கத் தவறினார்" என்றால் வேலை தெரிகிறது. வேலை தெரிந்தால் அதற்கான நாளும் பொருளும் கூடவே வந்து நிற்கின்றன. கையிருப்புப் பதிவேட்டைப் பார்க்க நான் சைக்கிளில் போனேன். அங்கே என்ன பார்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மற்ற சொற்களுக்கு வருகிறேன். தமிழில் குற்றத்தைக் குறிக்கும் பழைய சொற்களில் பல, கால் வழுக்குவதிலிருந்து வந்தவை போலவே இருக்கும். வழு, வழுவுதல், வழுக்குதல் என்று அடுக்கிப் பாருங்கள். இழுக்கு என்றால் இன்று மானக்கேடு. ஆனால் "இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே" என்ற குறளில் (415) இழுக்கல் என்பது வழுக்குகிற சேற்று நிலம். ஒழுக்கமுடையவர் சொல் அங்கே ஊன்றுகோல். ஒழுக்கம் என்பதும் ஒழுகுதல்தான், தடம் மாறாமல் செல்லுதல். நெறி தவறுதல், முறை பிறழ்தல் எல்லாவற்றிலும் ஒரு பாதை இருக்கிறது, அதில் நடக்க வேண்டிய கால் விலகியிருக்கிறது. இலக்கணக்காரர்களும் இதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு ஏழு வகை. காரணத்தோடு வருகிற வழுவை ஏற்றுக்கொள்ளவும் செய்தார்கள். பசுவைப் பார்த்து அன்பின் மிகுதியால் "என் அம்மை வந்தாள்" என்று ஒருவர் சொன்னால் அது திணை வழு, ஆனாலும் வழுவமைதி. விலகியது உண்மை, விலகியதற்கு ஒரு காரணம் இருந்ததும் உண்மை என்று இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். நம் குறிப்பாணைகளில் இரண்டாம் பாதிக்கு இடம் கிடைப்பதே அரிது.

பிழை என்ற சொல் இன்னும் ஆழமானது. உயிர் பிழைத்தான் என்கிறோம், எழுத்துப் பிழை என்கிறோம். தப்பு என்பதும் அப்படியே: தப்பித்தான் என்றால் மீண்டான், தப்பு என்றால் குற்றம். பட வேண்டியது படாமல் விலகிப்போவது இரண்டுக்கும் பொது. அம்பு என்னைத் தவறிப்போனால் நான் பிழைத்தேன்; எய்தவனுக்கு அது பிழை. இலங்கைத் தமிழரிடம் இந்தச் சொல் இன்றும் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. நாம் "தப்பு" என்று சொல்கிற இடத்தில் அவர்கள் "அது பிழை" என்பார்கள், "நான் பிழை விட்டிட்டன்" என்பார்கள். தமிழ்நாட்டில் நாம் அதை அச்சுக்கும் விடைத்தாளுக்கும் ஒதுக்கிவிட்டோம்.

பிழை என்றாலும் செய்யாமல் விட்டதே என்பதற்குப் பட்டினத்தாரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. கச்சி ஏகம்பனிடம் அவர் வைக்கும் பட்டியலைப் பாருங்கள்: கல்லாப் பிழை, கருதாப் பிழை, கசிந்துருகி நில்லாப் பிழை, நினையாப் பிழை, அஞ்செழுத்தைச் சொல்லாப் பிழை, துதியாப் பிழை, தொழாப் பிழை. ஏழும் எதிர்மறை. இலக்கணத்தில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பார்கள். "கல்லாத" என்பதில் "த" கெட்டுக் "கல்லா" என நிற்கிறது. கொலையோ களவோ அந்தப் பட்டியலில் இல்லை. செய்திருக்க வேண்டியவற்றைச் செய்யாமல் கழிந்த ஒரு வாழ்க்கை முழுவதும் அங்கே குவிந்து கிடக்கிறது. சின்ன வயதில் பாட்டி சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்த வரிகள். அவற்றின் கனம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் அப்படித்தான். கோவலனைக் கொல்லச் சொன்னது ஒரு செயல். ஆனால் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் அவன் வாயில் வருவது "மன்பதை காக்கும் தென்புலங் காவல் என்முதற் பிழைத்தது" என்ற வார்த்தை. காவல் பிழைத்தது. தன் வேலை காப்பது, அது தன்னிடத்தில் தொடங்கித் தவறிப்போனது என்கிறான். தான் செய்த கொலையைக்கூட, செய்யத் தவறிய காவலாகவே அவன் பார்க்கிறான். "அரைசியல் பிழைத்தோர்க்கு" என்று அந்தக் காப்பியத்தின் பதிகம் சொல்வதும் இதையே.

தெரியாமல் செய்தால் தவறு, தெரிந்தே செய்தால் தப்பு என்று ஒரு பிரிப்பு ஊரில் ஓடுகிறதே என்று கேட்பீர்கள். கேட்க அழகாகத்தான் இருக்கும். பேச்சு வழக்கு அதற்குக் கட்டுப்படுவதில்லை. "தெரிஞ்சே செஞ்ச தவறு" என்கிறோம், "தெரியாம தப்புப் பண்ணிட்டேன்" என்கிறோம், "தப்பித் தவறி" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். தப்பு பேச்சுச் சொல், தவறு எழுத்துக்கும் ஏற்ற சொல். எனக்குத் தெரிந்த வேறுபாடு பெரும்பாலும் அதுதான். அலுவலகத்துக்கு எழுதும் பதிலில் இந்தப் பிரிப்பை நம்பி வாதம் கட்ட வேண்டாம்.

குற்றம் வேறு வகை. தவறு ஒரு நிகழ்வைச் சொல்கிறது. குற்றம் ஒரு பொருளின் மேலோ ஆளின் மேலோ தங்கிவிட்ட கறையைச் சொல்கிறது. வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று குற்றம் நான்கு சொல்லுவார்கள். அவை கல்லுக்குள்ளேயே இருக்கும். "நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே" என்று பேச்சில் அடிபடுவதும் அழியாத கறை என்ற பொருளில்தான். அதனால்தான் "கடமை தவறிய குற்றம்" என்று சேர்த்து எழுதும்போது ஒரு பெரிய தாவல் நடந்துவிடுகிறது. தவறியது ஒரு நாள். குற்றம் ஆள்மேல் ஒட்டிவிடுகிறது. அந்தத் தாவலுக்கு ஆதாரம் காட்ட வேண்டியது எழுதியவர் பொறுப்பு.

கிராமத்தில் குத்தம் என்ற சொல் இன்னொரு விதமாகவும் வாழ்கிறது. கோயிலுக்குக் கொடை விழா எடுக்காமல் இரண்டு வருஷம் போய்விட்டால், நேர்ந்துகொண்ட கிடாயை வெட்டாமல் விட்டால், "சாமி குத்தம் ஆயிடுச்சு" என்பார்கள். கோயில் உண்டியலை உடைத்தவனை அந்த வார்த்தையால் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை, அவன் திருடன். சாமி குத்தம் பெரும்பாலும் செய்ய மறந்ததற்குத்தான். மழை பெய்யாதபோது ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, யாருக்கு என்ன செய்யாமல் விட்டோம் என்று எண்ணிப்பார்ப்பதை நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

மற்ற சமயத்தாரிடமும் இது தெளிவாக இருக்கிறது. கத்தோலிக்கர்கள் திருப்பலியின் தொடக்கத்தில் சொல்லும் மன்றாட்டில் "என் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும்" பாவம் செய்ததாக ஏற்றுக்கொள்கிறார்கள். நினைப்பு, சொல், செயல் மூன்றுக்குப் பிறகு நான்காவதாகச் செய்யாமை. அதைத் தமிழில் வைத்தவர்கள் "தவறியது" என்ற சொல்லைத் தேர்ந்தது மிகச் சரியான தேர்வு. தமிழ் முஸ்லிம்கள் வேளை தவறிய தொழுகையைக் களா என்பார்கள். விட்டதைப் பிறகு தொழுது தீர்ப்பார்கள். தவறியதைச் சரிசெய்ய ஒரு வழியும் அங்கே உண்டு.

இனி, ஏன் தவறினார் என்பதற்கான சொற்கள். குறிப்பாணையில் உண்மையான சண்டை இங்கேதான் நடக்கிறது. கவனக்குறைவு, அசட்டை, அலட்சியம், மெத்தனம், புறக்கணிப்பு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள், எல்லாம் ஒன்று என்பதுபோல. அப்படி இல்லை. கவனக்குறைவில் மனம் வேறெங்கோ போயிருக்கிறது. மெத்தனத்தில் வேலை மெதுவாக நகர்கிறது, நடக்காமல் போனது என்று சொல்ல முடியாது. அலட்சியத்தில் வேலையை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. புறக்கணிப்பில் தெரிந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அலட்சியம் என்ற சொல்லைச் சற்று நின்று பாருங்கள். வேலையில் அசட்டையாக இருப்பதும் அலட்சியம், ஒருவரை மதிக்காமல் பார்ப்பதும் அலட்சியம். பழந்தமிழில் "இகழ்ச்சி" இதே இரண்டு வேலையையும் பார்த்தது. குறளில் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் உண்டு, 54ஆவது. பொச்சாப்பு என்றால் மகிழ்ச்சியின் மிதப்பில் செய்ய வேண்டியதை மறப்பது. அளவு கடந்த கோபத்தைவிட அது கெட்டது என்பது முதல் குறள். அதே அதிகாரத்தில் "செய்யாது இகழ்ந்தார்க்கு எழுமையும் இல்" என்று வருகிறது. இங்கே இகழ்தல் யாரையும் ஏசுவதில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் மறந்து விட்டுவிடுவது. பொச்சாப்பு வழக்கொழிந்து போனதில் எனக்கு வருத்தம் உண்டு. எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்ற நினைப்பில் வரும் மறதிக்கு இன்று நம்மிடம் தனிச்சொல் இல்லை, அலுவலகங்களில் நடக்கும் தவறுகளில் பாதி அந்த வகை.

"செய்தக்க செய்யாமை யானுங் கெடும்" என்று 466ஆம் குறள் சொல்வதைச் சட்டமும் தன் நடையில் சொல்லியிருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 32ஆம் பிரிவில், செயல் என்று சொல்லும் இடங்களிலெல்லாம் சட்டத்துக்கு மாறான செய்யாமையும் அடங்கும் என்றது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் கருத்து தொடர்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத பொதுஊழியர் அச்சட்டப்படி தாம் செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. புகாரைப் பதிவு செய்யாதது, பதிந்ததைப் புகார் கொடுத்தவருக்குப் படித்துக் காட்டாதது என்று அந்தக் கடமைகள் பின்னால் வந்த திருத்தத்தில் பெயர் சொல்லி அடுக்கப்பட்டன. சட்டமும் கண்காணிப்பாளர் அம்மாவின் வழிக்கே வந்திருக்கிறது: கடமை எது என்று எழுது, பிறகு தவறு என்று சொல்.

ஆனால் எல்லாத் தவறுதலும் தண்டனைக்குரிய நடத்தைக்கேடு ஆகாது. இந்திய ஒன்றியம் எதிர் ஜே. அகமது என்ற 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பை உங்கள் தங்கை தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1960இல் அசாமில் மொழிக் கலவரம் நடந்தபோது நவ்கோங் மாவட்டத்தில் துணை ஆணையராக இருந்தவர் இந்த அகமது. தலைமைப் பண்பு காட்டவில்லை, திறமையாகச் செயல்படவில்லை என்பதுபோன்ற குற்றச்சாட்டுகள். திறமைக் குறைவோ வேலையில் ஏற்படும் கவனக்குறைவோ மட்டும் நடத்தைக்கேடு ஆகிவிடாது. அதனால் நேரடியாக விளைந்த கேடு ஈடுசெய்ய முடியாததாகவோ மிகக் கனமானதாகவோ இருந்தால்தான் ஆகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கவனக்குறைவு என்ற சொல்லுக்கும் குற்றம் என்ற சொல்லுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அந்தத் தீர்ப்பு அளந்து காட்டியது.

மேலிடத்தில் இருப்பவர்கள் பேசும் ஒரு வாக்கியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். "தவறு நடந்துவிட்டது." தவறு தானே எழுந்து நடந்து வந்ததுபோல! கீழே இருப்பவருக்கு எழுதும்போது "நீர் தவறினீர்", தமக்கென்று வரும்போது "தவறு நடந்துவிட்டது". பாண்டியன் அப்படிச் சொல்லவில்லை, "என்முதல்" என்றான்.

சரி, பதிலுக்கு வருவோம். உங்கள் தங்கை தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால், அந்தக் குறிப்பாணை வெறும் விளக்கம் கேட்பதா, ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(அ) அல்லது 17(ஆ) கீழ் வந்ததா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 17(அ) சிறு தண்டனைக்கு, 17(ஆ) பெருந்தண்டனைக்கு. அடுத்து, குறிப்பாணையில் எந்தப் பதிவேடு, எந்தத் தேதி, அதை எழுதும் பொறுப்பு எந்த ஆணைப்படி அவருடையது என்று இருக்கிறதா? "கடமை தவறி" என்று மட்டும் இருந்தால், எந்தக் கடமை என்று பணிவாக எழுதிக் கேட்கலாம். பதிலில் "நான் எந்தத் தவறும் செய்யவில்லை" என்று எழுத வேண்டாம். எழுத வேண்டியதை எழுதவில்லை என்பது உண்மையானால் அந்த வரி பொய்யாக நிற்கும். "இன்ன தேதிகளில் இன்ன பதிவேட்டில் பதிவு செய்யத் தவறினேன்" என்று நேராகச் சொல்லிவிட்டு, காரணத்தையும் அன்று தன்னிடம் இருந்த மற்ற வேலைகளையும் தேதியோடு எழுதட்டும். அதனால் யாருக்கும் இழப்பு வரவில்லை என்றால் அதையும்.

அன்று தொட்டியடியில் கையிருப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதல் நாள் பவுடர் இருந்திருக்கிறது, ஆபரேட்டர் கலக்கவில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மூட்டை காலி. வேண்டும் என்று அவர் இண்டெண்ட் எழுதி எட்டு நாள் முன்பே கொடுத்து அனுப்பியிருக்கிறார். அது எங்கள் அலுவலகத்தில், என் மேசையில், மற்றொரு கோப்புக்கு அடியில் இருந்தது. ஆபரேட்டருக்குப் போன குறிப்பாணையில் ஒரே ஒரு தேதிதான் இருந்தது. மற்ற இரண்டு தேதிகளுக்குமான விளக்கத்தை நான் எழுதினேன்: "தொட்டி ஆபரேட்டர் அனுப்பிய தேவைப் பட்டியலை உரிய நாளில் மேலே சமர்ப்பிக்கத் தவறினேன்." கண்காணிப்பாளர் அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, தேதியை மட்டும் சேர்க்கச் சொன்னார்.